கால் அளவெடுக்கப் போய்க் கூடம் பறிபோன விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து பணிவான வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் (என் வீட்டுக்காரியைத்தான் சொல்கிறேன், நீங்கள் வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்) சௌக்கியமாக இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பில்லை.

அடுத்த மாதம் தாங்களும் சம்பந்தியம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சந்தோஷப்பட்டு முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கூடம் கண்ணில் பட்டது. அங்கே ஏழெட்டுப் பேர் செருப்பில்லாத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வருகையைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா? மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து இப்போது வராதீர்கள் என்று எந்தப் பெண்ணைப் பெற்றவனும் எழுதியிருக்க மாட்டான் என்று எனக்கும் தெரியும். எழுதுகிற கை கூசுகிறது. போனில் சொல்லத் தைரியமில்லாமல்தான் கடிதமாக எழுதுகிறேன். தாங்கள் வங்கி மேலாளராக இருந்தவர், பெரிய பெரிய வார்த்தைகளோடு புழங்கியவர். நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன். ஒரு ஆளின் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுத்திருக்கிறானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்த விஷயத்தில் யார் எடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், தாங்களே படித்து என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் தையற்கடைக்கு மேலே ஓர் இலவச கிளினிக் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டரம்மாவும் கூடவே ஒரு நர்ஸம்மாவும் நடத்துகிறார்கள். மாடிப்படி மிகக் குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு, கைப்பிடி இருந்த இடத்தில் கைப்பிடியின் அடையாளம் மட்டும் இருக்கிறது. போன வருஷம் முட்டி வலிக்கிறது என்று ஏறிப் போனேன். டாக்டரம்மா, "என்ன செய்யுது?" என்றார். "மாடிப்படி ஏறினா முட்டி வலிக்குதும்மா" என்றேன். "அப்புறம் ஏன் ஏறுறீங்க?" என்றார். "உங்களைப் பார்க்கத்தான்" என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், அப்புறம் சிரிப்பு நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதைத்தான் நானும் நினைச்சு நினைச்சு மாய்ஞ்சு போறேன். யாருக்கு வைத்தியம் ரொம்பத் தேவையோ அவங்களால ஏற முடியல. ஏற முடிஞ்சவங்களுக்குப் பாதிப் பேருக்கு ஒண்ணுமே இல்ல" என்றார்.

ஏற முடியாதவர்களுக்கு அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். நோயாளி தெருவில் நின்றுகொண்டு மேலே பார்த்துத் தன் உபாதையைச் சொல்ல வேண்டும், டாக்டரம்மா ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்பார், நர்ஸம்மா மருந்தோடு இறங்கி வருவார். வாகனச் சத்தத்தில் மெல்லச் சொன்னால் மேலே கேட்காது. பக்கத்து டயர் கடைக்காரர் ஒருநாள் தனக்கு மூலம் என்பதை நாலு தடவை கத்திச் சொல்லவேண்டி வந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவரைப் பார்க்கிறவர்கள் வியாபாரத்தை விசாரிப்பதில்லை. நான் நல்ல மனதோடு, அவருக்கு உதவியாக, என் குரலில் ஒருதரம் மேலே சொன்னேன். நகரும் பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கும்படி கத்திப் பழகிய குரல். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "உங்க குரல் நல்லா மேல வருது சார், இனிமே நீங்களே எங்க கிளினிக்குக்குச் செயலாளரா இருங்க" என்றார். இப்படித்தான் நான் செயலாளர் ஆனேன். என் தகுதி இதில் வேறு எதுவும் இல்லை.

இதற்கிடையில் மின்விசிறி செய்கிற ஒரு பெரிய கம்பெனி அறக்கட்டளை நடத்துவதாகவும், ஆரோக்கியத்தில் சமநீதி கொண்டுவருகிறவர்களுக்கு உதவுவதாகவும் டாக்டரம்மாவுக்குத் தெரியவந்தது. கீழ்த்தளத்தில் ஓர் அறை பிடிக்க வாடகைப் பணம் கேட்கலாம் என்பது அவர் எண்ணம். "விளக்கக் கூட்டம் வச்சிருக்காங்களாம் சார். என்னால இங்க நோயாளிங்களை விட்டுட்டு வர முடியாது. நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினார். போனேன். முழுக்கக் கண்ணாடிக் கட்டடம், கதவு எது சுவர் எது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மின்விசிறிக் கம்பெனியில் ஒரு மின்விசிறிகூட இல்லை, எல்லா இடத்திலும் ஏசி. திட்ட அலுவலர் என்று என் மகள் வயதில் ஒரு பெண், மிக மரியாதையான பிள்ளை, பேசினாள். தமிழில்தான் பேசினாள், ஆனாலும் எனக்கு வேறு ஏதோ பாஷை மாதிரி இருந்தது. என்னைப் பார்த்து, "உங்க திட்டத்தால மக்கள்கிட்ட தாக்கம் எப்படி இருக்கும் சார்?" என்று கேட்டாள். "நாங்க யாரையும் தாக்க மாட்டோம்மா, வைத்தியம் பாக்கறவங்க" என்றேன். உதவி கடைக்கோடி வரைக்கும் போய்ச் சேருமா என்றாள். எந்த ரூட்டு என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் அந்தப் பெண் அந்த வார்த்தையைச் சொன்னாள். "எல்லாருக்கும் ஒரே அளவுல செருப்பு குடுத்தா அது சமத்துவம். அவங்கவங்க காலுக்கு ஏத்த அளவுல குடுத்தா அதுதான் சமநீதி. எங்க அறக்கட்டளை ரெண்டாவதைத்தான் செய்யுது." சம்பந்தி, அன்று காலையிலிருந்து எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான். உடனே எழுந்து, "அப்படின்னா முதல்ல அளவு எடுக்கணுமேம்மா?" என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்பச் சரி சார்! அளவு எடுக்காம, யாருக்கு என்ன தேவைன்னு தெரியாம நாங்க எதுவுமே குடுக்கறதில்ல. இந்த ஹால்லயே சார்தான் சரியா புரிஞ்சுக்கிட்டிருக்கார்" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க என்னைப் பார்த்து ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் எனக்குப் பழக்கம். கைதட்டல் தலைக்கு ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். உங்கள் தங்கை துணி மடித்துக்கொண்டே, "விசிறிக் கம்பெனிக்காரன் எதுக்குச் செருப்பு குடுக்கறான்?" என்றாள்.

"அது சமநீதி. உனக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரிஞ்சுதா?"

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். டாக்டரம்மாவும், "நாம ரூமுக்கு வாடகைதானே கேட்டோம், செருப்பா?" என்று விழித்தார். முதலில் அளவு, மற்றதெல்லாம் அப்புறம்தானாம் என்று சொன்னேன். படி முழுக்க ஆட்கள் காத்திருந்தார்கள், அவருக்கு யோசிக்க நேரமில்லை. "சரி, ஏதோ அவங்க முறை போல இருக்கு, எடுத்துக் குடுத்துடுங்க" என்றார்.

அளவு என்றால் தையற்காரர்தானே. அவர் கடை வாசலில் ஒரு முக்காலி போட்டு, பழைய காலண்டர்த் தாளைத் தரையில் விரித்து, அதன் மேல் காலை வைக்கச் சொல்லிச் சுற்றிக் கோடு போட்டோம். தையற்காரர் டேப்பை எடுத்து நீளம், சுற்றளவு எல்லாம் அளந்துவிட்டுப் பழக்க தோஷத்தில் ஒவ்வொருவரிடமும் "லூசா வேணுமா, டைட்டா வேணுமா?" என்று கேட்டார். இலவசச் செருப்பு என்ற சேதி எப்படிப் பரவியது என்று தெரியாது, கிளினிக் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஜனமெல்லாம் வந்தது. ஒரு பெண்மணி வெளியூரில் இருக்கும் பிள்ளைக்காக அவனுடைய பழைய ஷூவைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்திவிட்டுப் போனார். ஒருத்தர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு காலை மட்டும் நீட்டினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது, என்னிடம் பலமுறை டிக்கெட் இல்லாமல் மாட்டினவர். "காலைத்தான் காட்டச் சொன்னேன், டிக்கெட்டை இல்ல" என்றேன். "பழக்கம் சார்" என்றார்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எக்ஸ்பிரஸ் வந்தான். கைவண்டியில் சுமை இழுக்கிறவன், எங்கேயும் நேரத்துக்கு வந்து சேரமாட்டான் என்பதால் அந்தப் பெயர். வலது செருப்பைக் கழற்றச் சொன்னோம். கழற்றினான், வரவில்லை. இழுத்தான், வரவில்லை. "அட, ஒட்டிக்கிச்சா?" என்று எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸம்மா மருந்துப் பெட்டியோடு அப்போதுதான் படியிறங்கி வந்தவர், குனிந்து பார்த்தார். பார்த்தவர் எழுந்து நின்று மாடியைப் பார்த்து, "டாக்டர், கீழ வாங்க" என்றார். கத்தக்கூட இல்லை. அந்தக் குரலைக் கேட்டதும் சிரித்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். செருப்பின் அடியில் ஏறிய ஆணி ஒன்று செருப்பையும் துளைத்துப் பாதத்துக்குள் போயிருந்தது. சுற்றிலும் கறுத்திருந்தது.

டாக்டரம்மா கீழே வந்து தரையில் உட்கார்ந்து அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "இது எத்தனை நாளா இருக்கு?"

"எதும்மா?"

"இந்த ஆணி."

"ஆணியா?" என்று அவன் குனிந்து, யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போல ஆர்வமாகப் பார்த்தான். "ஏதோ கல்லு மாட்டியிருக்குன்னுல்ல நினைச்சேன். நடந்தா டக்கு டக்குன்னு சத்தம் வரும். வலிக்கவே இல்லையே டாக்டரம்மா!"

"வலிக்கலைங்கறதுதான்டா வியாதி" என்றார் அவர். அவர் யாரையும் டா போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சர்க்கரை வியாதி முற்றினால் காலில் உணர்ச்சி செத்துப்போகுமாம். கல் குத்தினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது. தெரிவதற்குள் காலே போய்விடும். டயர் கடைக்காரர் உடனே தன் வண்டியை எடுத்தார், எக்ஸ்பிரஸை ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவன் வழியெல்லாம், "வண்டியை ரோட்டுலயே விட்டுட்டேன், யாராவது பாத்துக்குவாங்களா?" என்று அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது. தாமதித்திருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று அங்கே சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த டாக்டரம்மா மாடிக்குப் போகவில்லை. தையற்காரரின் முக்காலியில் உட்கார்ந்து, அளவு கொடுத்த எல்லாரையும் மறுபடி கூப்பிடச் சொன்னார். நான் தெருத் தெருவாகப் போய்க் கத்தினேன். வந்தார்கள், செருப்பு வந்துவிட்டது என்று நினைத்து. அந்த அம்மா ஒவ்வொரு காலாக எடுத்துப் பஞ்சால் தொட்டு, "தெரியுதா? இது தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். தெரியவில்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்கிறீர்கள்! சாயங்காலம் நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் மாடியில உட்கார்ந்திருந்தேன் சார். ஏறி வந்த காலை மட்டும்தான் பார்த்திருக்கேன்" என்றார். என்னைப் பாராட்டுகிறாரா, தன்னைத் திட்டிக்கொள்கிறாரா என்று தெரியாமல் நான் கிளாஸ் காலியாகும்வரை நின்றேன். காலியாகவே இல்லை.

அளவெடுத்த காலண்டர்த் தாள்களை எல்லாம் கட்டாகக் கட்டி அறக்கட்டளைக்கு அனுப்பிவைத்திருந்தேன். அந்தத் திட்ட அலுவலர்ப் பெண் போன் செய்தாள். "சார், நீங்க அனுப்பின கட்டு வந்தது. பிரிச்சுப் பார்த்தா எல்லாம் காலா இருக்கு."

"ஆமாம்மா. அளவெடுக்கச் சொன்னீங்களே."

லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன். "சார், செருப்புங்கறது ஒரு உதாரணம்" என்றாள்.

"சரிம்மா. அந்த உதாரணம் எப்ப வரும்?"

நர்ஸம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டார். டாக்டரம்மா எக்ஸ்பிரஸின் கதையை முழுக்கச் சொன்னார். கடைசியில், "நான் நேர்ல வந்து பார்க்கிறேன்" என்றாளாம்.

அவள் வருகிற அன்றைக்குத்தானா மழை வர வேண்டும்? வரிசையில் இருந்தவர்கள் சிதறினார்கள். சிதறி எங்கே போவது? மாடி ஏற முடியாதவர்கள்தான் அத்தனை பேரும். தையற்கடையில் நாலு பேர் நின்றால் தையல் மெஷின் வெளியே வந்துவிடும். நான் டாக்டரம்மா தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா ஒருத்தர் காலுக்குத் தன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். மூன்று வீடு தள்ளி எங்கள் வீடு, தாங்கள் பார்த்ததுதான், வாசலில் ஒரு படிகூட இல்லாமல் தெருவோடு தெருவாக இருக்கும். உங்கள் தங்கைக்கு அந்த நாட்களில் என்னோடு சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஊரார் காலையெல்லாம் அளக்கிற ஆளுக்கு வீட்டுக் குழாய் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியவில்லை என்று கோபம். அவள் வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். "என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? புண்ணுல தண்ணி படுது. உள்ள கூட்டிட்டு வாங்க!" என்று ஒரு சத்தம். என்னுடைய குரல் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

தாங்கள் போன தடவை வந்தபோது பழைய சோபா உள்வாங்கித் தாங்கள் எழுந்திருக்கச் சிரமப்பட்டீர்களே, அதற்காகவே புது சோபா வாங்கிப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தோம். அதில் நனைந்த கால்களாக வரிசையாக ஏறி உட்கார்ந்தார்கள். பிரிக்காதது நல்லதாகப் போயிற்று. திட்ட அலுவலர்ப் பெண் முதலில் மாடிக்குப் போய், அங்கே யாரும் இல்லாமல் இறங்கி வந்து, விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெப்பமாக நனைந்திருந்தாள். உங்கள் தங்கை அவளையும் நோயாளி என்று நினைத்துத் துண்டைக் கொடுத்து சோபாவில் உட்கார வைத்துவிட்டாள். நர்ஸம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த கால் என்று அவள் ஷூவைக் கழற்றிக் குதிகாலைத் திருப்பிப் பார்த்து, "கொப்புளம் போட்டிருக்கு. ஒரு சைஸ் சின்னதா போட்டிருக்கம்மா, காலுக்கு ஏத்த மாதிரி வாங்க மாட்டியா?" என்று கேட்டார். அந்தப் பெண் சிவந்துபோய், "ஆபீஸுக்கு இதுதான் நல்லா இருக்குன்னு..." என்று இழுத்தாள்.

பிறகு தன்னை யார் என்று சொல்லிக்கொண்டு, கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "உங்க கிளினிக் வீடு மாதிரியே இருக்கே! படியே இல்லாம, எல்லாரும் சுலபமா வர்ற மாதிரி. பயப்படாம உட்கார்ந்து பேசறாங்க. இதைத்தான் நாங்க தேடிக்கிட்டிருந்தோம்!" என்றாள். நான் "இது வீடுதாம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். நர்ஸம்மா திறந்த வாயில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டார். அதை எடுப்பதற்குள் அந்தப் பெண் போட்டோ எடுத்துக்கொண்டு மழை விட்டதென்று கிளம்பிவிட்டாள். எனக்கு ஜுரம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

உதவி கிடைத்துவிட்டது. நர்ஸம்மாவுக்குச் சம்பளம், சோதனைக் கருவிகள், கட்டுப் போடும் சாமான்கள், கால் பார்க்கத் தனி நாற்காலி, உணர்ச்சி இல்லாத கால்களுக்கென்று மெத்தென்ற செருப்பு, அதுவும் அவரவர் அளவுக்குச் செய்து. அளவு எங்கிருந்து எடுத்தார்கள்? நான் அனுப்பிய காலண்டர்த் தாளிலிருந்து! அப்படியென்றால் செருப்பு உதாரணமா, செருப்பா? உங்கள் தங்கை கேட்ட கேள்வி சரியா, நான் சொன்ன பதில் சரியா? தெரியவில்லை. வாடகைக்கு மட்டும் எதுவும் கிடையாதாம், ஏனென்றால் கிளினிக்தான் கீழ்த்தளத்தில் அருமையாக இருக்கிறதே! முகவரி என்று எங்கள் வீட்டு எண் போட்டு வந்திருந்தது.

டாக்டரம்மா நேர்மையான மனுஷி. அன்றே போன் போட்டு, "அது கிளினிக் இல்லம்மா, எங்க செயலாளர் வீடு. மழைக்கு ஒதுங்கினோம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் தவித்துப்போனாள். "ஐயோ டாக்டர், ஃபைல் மேல போயிடுச்சே. மேல போனது கீழ வராது."

"எங்களுக்குக் கீழ இருக்கறது மேல வராது. அதனாலதானே உங்ககிட்டயே வந்தோம்?"

"பொய்ன்னு தெரிஞ்சப்புறம் நான் அப்படியே விட முடியாது டாக்டர். ஆனா எங்க ஆளுங்க வந்து பார்ப்பாங்க. அன்னைக்கு அந்த முகவரியில கிளினிக் நடந்தா அது உண்மை. நடக்கலைன்னா எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்குவாங்க" என்றாளாம். அதற்குமேல் தன் வாயால் சொல்ல முடியாது என்பது போல, "கொப்புளம் ஆறிடுச்சுன்னு நர்ஸம்மாகிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா எங்கள் கூடத்தில் நின்றபடியே, "வேண்டாம் சார், திருப்பிக் குடுத்துடலாம். இன்னொருத்தர் வீட்டைப் பிடுங்கிக்கிட்டு நான் வைத்தியம் பார்க்க மாட்டேன்" என்றார். நானும் பாதி வருத்தமும் பாதி நிம்மதியுமாகத் தலையாட்டினேன். அப்போது உங்கள் தங்கை அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். "யாரைக் கேட்டு வேண்டாங்கறீங்க?" என்றாள் டாக்டரம்மாவிடம். "பொண்ணைக் கட்டிக் குடுத்த பிறகு இந்தக் கூடத்துல என்ன நடக்குது? இவர் அந்த மூலை, நான் இந்த மூலை, நடுவுல டிவி. அவ்வளவுதான். அன்னைக்கு மழையில அத்தனை பேர் வந்து உட்கார்ந்தாங்களே, அன்னைக்குத்தான் வீடு வீடு மாதிரி இருந்துச்சு. உண்மையாக்கிட்டா உண்மைதானே? ஆக்கிடுங்க." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் டிவியைத் தூக்க ஒரு கை பிடிக்கச் சொன்னாள். நான் பிடித்தேன். அதுதான் என் பதில் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே, சம்பந்தி, இப்போதைய நிலவரம் இதுதான். கூடம் கிளினிக். தாங்கள் வழக்கமாகத் தங்கும் முன்னறை டாக்டரம்மாவின் அறை. எங்கள் அறையில் பஞ்சும் துணிச்சுருளும். நானும் உங்கள் தங்கையும் அடுக்களையில் படுக்கிறோம். நான் காலை நீட்டினால் அடுப்பு, மடக்கினால் அரிசி டப்பா. கம்பெனி அன்பளிப்பாக ஒரு மின்விசிறி அனுப்பியது, அதைப் போட்டால் பஞ்செல்லாம் பறந்து நோயாளிகள் தலையில் உட்காருகிறது, நிறுத்தினால் வியர்க்கிறது. பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தால் ஒருத்தர் தன் கட்டைவிரலைக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார். எக்ஸ்பிரஸ் கோலை ஊன்றிக்கொண்டு தினமும் வருகிறான், அவனுக்குக் கட்டு மாற்றியானதும் உங்கள் தங்கையோடு சண்டை போட்டுக்கொண்டு காய் நறுக்குகிறான். இந்த நெரிசலில் தங்களை வரவழைத்து எங்கே உட்கார வைப்பேன், எந்த முகத்தோடு பேசுவேன்? பின்பக்கம் ஒரு சின்ன அறை எழுப்புவதாக இருக்கிறோம். அது முடிந்ததும் நானே வந்து கையோடு அழைத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சங்கதியை என் மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவளுக்கு அம்மாவின் கோபமும் என்னுடைய குரலும் சேர்ந்து வந்திருக்கிறது. சமத்துவம், சமநீதி இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று தாங்களே ஒரு வரி எழுதினால் நான் அதை மனப்பாடம் செய்துகொள்வேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளையும் மகளும் மனம் ஒத்து, உடம்பு வாடாமல், நீடூழி இருக்க எங்கள் ஆசி.

தங்கள் மனம் கோணிவிடக் கூடாதே என்று தவிக்கும்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பது எதையும் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தை ஒட்டும் நேரத்தில் உங்கள் தங்கை பிடுங்கிப் படித்துவிட்டு, "சம்பந்தியை வராதேன்னு எழுதுவாங்களா?" என்று என்னைத் திட்டிவிட்டுச் சமாதானம் சொல்லச் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டாள். ரொம்ப நேரம் பேசினார்கள். பேச்சோடு பேச்சாகச் சம்பந்தியம்மா ஒரு வேடிக்கை சொன்னாராம்: போன வாரம் தாங்கள் நடைப்பயிற்சி முடித்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தீர்களாம், இன்னொன்று வழியில் எங்கோ கழன்று விழுந்தது தங்களுக்குத் தெரியவே இல்லையாம், வாசலில் அவர் கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தீர்களாம், வயசாகிவிட்டது, மறதி என்று இருவரும் சிரித்தீர்களாம். உங்கள் தங்கை சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு வந்து டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னாள். டாக்டரம்மா கையிலிருந்த காலைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப வர்றார்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம், சம்பந்தி. கிடைக்கிற முதல் வண்டியைப் பிடியுங்கள். போனில் சொன்னால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று வைத்துவிடுவீர்கள் என்று சம்பந்தியம்மா சொன்னதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன், மாப்பிள்ளைக்கும் சொல்லியாகிவிட்டது. இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், சோபாவின் பிளாஸ்டிக் உறையை உங்கள் தங்கை இப்போதுதான் பிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் ஸ்டேஷனில் நிற்பேன், கூட்டத்தில் என்னைத் தேட வேண்டியதில்லை, நானே கூப்பிடுவேன், கேட்கும். வரும்போது மூடின ஷூ போட்டுக்கொள்ளுங்கள். போடுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டு நன்றாகத் தடவிப் பாருங்கள், கல் ஏதாவது கிடந்தால் காலுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும் என்று நர்ஸம்மா சொல்லச் சொன்னார்.